பழைய பேப்பர் வேனில் போன பதினோரு பக்கங்கள்

1

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே பழைய பேப்பர் வேன் வரும். கூரையில் கட்டிய ஒலிபெருக்கியில், பதிவு செய்த ஒரு பெண்குரல் "சூராட் காபார் லாமா" என்று இழுத்து இழுத்துச் சொல்லும். பழைய செய்தித்தாள் என்று அர்த்தம். பினாங்குக்கு வந்த புதிதில் எனக்குப் புரிந்த முதல் மலாய் வாக்கியம் அதுதான். என் மகள் ஹரிணிக்கு அப்போது நான்கு வயது. இடுப்பில் கை வைத்து, கழுத்தைச் சாய்த்து, அந்தக் குரலை அப்படியே திருப்பிச் சொல்லி வீட்டுக்கு வருகிறவர்களைச் சிரிக்க வைப்பாள்.

இப்போது அந்தக் குரல் கேட்டால் நான் பால்கனிக் கதவைச் சாத்திவிடுகிறேன்.

ஊரிலிருந்து போனில் கேட்கிற எல்லோரிடமும், "ஹரிணி டிசைன் படிக்கப் போறா" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தேன். நான் செய்ததை அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. எழுதினால் சொல்ல வருமோ என்று பார்க்கிறேன்.

ஹரிணிக்குப் பதினேழு வயது. பதினெட்டு முடிய அப்போது மூன்று மாதம் இருந்தது. என் கணவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பைப் பார்க்கிறார். அவருடைய வேலை அனுமதியை ஒட்டித்தான் நானும் ஹரிணியும் இங்கே இருக்கிறோம். கடவுச்சீட்டில் எங்கள் இருவருக்கும் 'டிபெண்டன்ட்' என்று முத்திரை. பதினெட்டு ஆனதும் பிள்ளை அந்த ஒட்டிலிருந்து இறங்கி மாணவர் பாஸுக்கு மாற வேண்டும். அதற்கு ஒரு கல்லூரியின் சேர்க்கைக் கடிதம் வேண்டும். கோலாலம்பூரில் தங்க வைத்துப் படிக்க வைக்க எங்களால் ஆகாது. அவள் விண்ணப்பித்தது ஒரே ஒரு கல்லூரிக்கு, இதே தீவில், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில். அது கிடைக்காவிட்டால் கோயம்புத்தூரில் கணவரின் அண்ணன் வீட்டில் விட்டு ஏதாவது ஒரு பட்டப்படிப்பு என்று முடிவு செய்திருந்தோம். முடிவு செய்தது நாங்கள் இருவரும். அன்று ஹரிணி தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனாள்.

2

டிசைன் கல்லூரியில் மதிப்பெண் மட்டும் போதாது. போர்ட்ஃபோலியோ கேட்கிறார்கள். செய்த வேலைகளில் நல்லதைப் பொறுக்கிப் பதினைந்து பெரிய தாள்களாக்கி, கறுப்பு உறையில் போட்டு நேர்முகத்துக்கு எடுத்துப்போக வேண்டும். கூடவே, வேலை நடந்தபோது வைத்திருந்த வரைநோட்டையும் கொண்டுவர வேண்டும். படிவத்தில் அந்த வரியை நான் படித்தேன். பென்சிலால் டிக் கூடப் போட்டேன். எதற்காக அதைக் கேட்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

ஹரிணியின் பதினைந்து தாள்களில் ஆறு, ஒரு பையைப் பற்றியவை. எங்கள் ஆயர் ஈத்தாம் கட்டிடம் பழையது. லிஃப்ட் ஐந்திலும் பத்திலும்தான் நிற்கும். எங்கள் வீடு பன்னிரண்டில், கடைசி மாடி. காலையில் கீழே கூடும் பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு பத்தாவது மாடியில் இறங்கினால், மிச்சம் இரண்டு மாடி படிதான். ஹரிணி செய்த பைக்கு அடியில் மடங்கும் பலகை ஒன்று உண்டு. படியில் வைத்தால் விரிந்து நிற்கும், சாயாது. பதினோராவது மாடி புஷ்பாக்காவின் தையல் மெஷினில் அவளே தைத்தாள்.

புஷ்பாக்கா சுங்கை பாக்காப் தோட்டத்தில் பிறந்தவர். இங்கே ஒரு கிளினிக்கில் பதிவு மேஜையில் இருக்கிறார். பையைப் பார்த்ததும் சொன்னார்: "அட, நல்லா இருக்கு லா. ஒன்னு எனக்கும் தைச்சுக் குடு. ஆனா கறுப்பு வேணாம், சாவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு."

நானும் நல்ல யோசனை என்றேன். யாரைப் பார்த்து வந்த யோசனை என்று கேட்கத் தோன்றவில்லை.

3

நான் விருதுநகரில் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள். எங்களுக்கு இரண்டு நோட்டு. நுண்ணோக்கியைப் பார்த்து ரஃப் நோட்டில் வரைவோம். வீட்டுக்கு வந்து அதையே ரெக்கார்டில் சுத்தமாக வரைவோம். தண்டின் குறுக்குவெட்டில் செல் வட்டங்கள் ஒன்றையொன்று தொட வேண்டும், ஏறக் கூடாது. பெயர் குறிக்கும் கோடெல்லாம் வலப்பக்கம் ஸ்கேல் வைத்து இழுக்க வேண்டும். அழித்த தடம் தெரிந்தால் மேடம் தாளின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார். ரெக்கார்டுக்கு ப்ரௌன் அட்டை, லேபிள், உள்ளே பொருளடக்கம். வருடம் முடிந்ததும் ரஃப் நோட்டு பழைய கடைக்கு.

மூன்றாம் ஆண்டு முடிவில் என் ரெக்கார்டை, அடுத்து வரும் மாணவிகளுக்குக் காட்ட வேண்டும் என்று துறையில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதே மாதம் எனக்குக் கல்யாணம். பிறகு ஹரிணி, பிறகு இந்த ஊர். எத்தனையோ படிவங்களில் தொழில் என்ற கட்டத்தில் இல்லத்தரசி என்று எழுதியாகிவிட்டது. நான் செய்த எதையும் அதற்குப் பிறகு யாரும் எடுத்து வைத்துக்கொண்டதில்லை.

அதனால்தான், "அம்மா, ஷீட்ல பென்சில் அழுக்கா இருக்கு, கொஞ்சம் அழிச்சு வைக்கிறியா? உன் கைதான் நீட்டா வரும் லா" என்று ஹரிணி கேட்டபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அவள் கூட்டாளிகளோடு படம் எடுக்க லிட்டில் இந்தியா பக்கம் கிளம்பிப் போனாள். நான் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, ஃபேனை நிறுத்தி, தாள்களை விரித்தேன்.

பதினைந்து தாளும் பதினொரு மணிக்குள் முடிந்துவிட்டன. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அடியில் வரைநோட்டு இருந்தது.

திறந்தேன். கோட்டின் மேல் கோடு. ஒரே பையை முப்பது தடவை வரைந்து முப்பதையும் அடித்திருக்கிறாள். காப்பிக் கறை. இதையா மேஜையில் வைக்கப் போகிறாள்? அழிக்க ஆரம்பித்தேன். வேண்டாத கோடுகளை எடுத்து, வேண்டியதை அழுத்தி, ஓரத்தில் மார்ஜின் இழுத்தேன்.

நோட்டின் நடுவில் நான் இருந்தேன்.

பதினோரு பக்கம். எல்லாம் பின்னாலிருந்து அல்லது பக்கவாட்டில். நைட்டியைத் தூக்கி இடுப்பில் செருகியிருக்கிறேன், உள்பாவாடை தெரிகிறது. தோளில் துப்பட்டா. ஊரில் நைட்டிமேல் துண்டு போட்டால் எங்கும் போகலாம் என்றிருந்த பழக்கம், இங்கும் பாசார் வரைக்கும் என்னை விடவில்லை. ஒரு பக்கத்தில் கைப்பிடியில் சாய்ந்து வாய் திறந்து மூச்சு வாங்குகிறேன். இன்னொன்றில் பையைப் படியில் வைத்து, உருளாமல் இருக்கக் காலால் அண்டக் கொடுத்து நிற்கிறேன். பக்கத்தில் ஆங்கிலத்தில் கிறுக்கல்: ஏழாவது படியில் நிற்கிறாள். எப்போதும் இடது கால். இங்கே கை மாற்றுகிறாள். மேலே எத்தனை படி மிச்சம் என்று பார்ப்பதில்லை.

எத்தனை நாள் என் பின்னால் நடந்து வந்தாளோ. போனைப் பார்த்துக்கொண்டே வருகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். "ஒரு பையாவது வாங்கேன்டி" என்று திட்டியும் இருக்கிறேன்.

கூச்சம் தாங்கவில்லை. நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்து, அதில் ஆண்களும் இருப்பார்கள், நைட்டியில் என்னைப் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்ப்பார்களே என்றிருந்தது. ஆனால் எனக்கு நானே சொல்லிக்கொண்டது வேறு: இதெல்லாம் ரஃப். ஃபைனல் தாள் இருக்கிறது, பிறகு ரஃப் எதற்கு? அந்தச் சமாதானத்தோடுதான் பிளேடை எடுத்தேன். தையல் ஓரமாக, ஒரு பிசிறு இல்லாமல் வெட்டினேன். நோட்டுக்கு ப்ரௌன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, முதல் பக்கத்தில் பொருளடக்கம் எழுதினேன்.

கீழே வேன் வந்துவிட்டது. கணவர் கொண்டுவரும் ஆங்கில பேப்பர் கட்டுக்கு நடுவில் பதினோரு பக்கத்தையும் செருகிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பிவந்து ஹரிணிக்குப் பிடித்த சேமியா பாயசம் வைத்தேன்.

4

நேர்முகத்துக்கு முன்பே ஒரு தடவை, போர்ட்ஃபோலியோவைப் பார்த்துக் குறை சொல்ல அழைப்பார்கள். வெள்ளிக்கிழமை போனோம். ப்ரௌன் அட்டையைப் பார்த்து ஹரிணி சிரித்தாள். "என்னம்மா, ஸ்கூல் புக் மாதிரி!" பஸ் வந்துவிட்டதால் திறந்து பார்க்கவில்லை.

மிஸ் ஓங் என்ற ஆசிரியை. என் வயதுதான் இருக்கும். பதினைந்து தாள்களையும் நிதானமாகப் பார்த்தார். பையின் தாளில் நின்று, நன்றாக இருக்கிறது, இது ஏன் இந்த வடிவத்துக்கு வந்தது என்று கேட்டார்.

"எங்கம்மா படியேறுறதைப் பார்த்து. நோட்டுல இருக்கு" என்று ஹரிணி ஆங்கிலத்தில் சொல்லி, நோட்டைத் திறந்தாள். பொருளடக்கம். மார்ஜின். அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு வேகமாகத் திருப்பினாள். முன்னும் பின்னும். நடுவில் வந்ததும் விரலால் தையல் ஓரத்தைத் தடவினாள்.

என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். "நீங்க எடுத்தீங்களா?"

சின்ன வயதிலிருந்தே என்னை நீ என்றுதான் கூப்பிடுவாள். கோபம் எல்லை மீறினால் கத்த மாட்டாள், 'நீங்க' போடுவாள்.

"அது ரஃப்தானேடா" என்றேன்.

"எங்க வச்சிருக்கீங்க?"

நான் சொன்னேன். மிஸ் ஓங் என்னவென்று கேட்டார். ஹரிணி மொழிபெயர்க்கவில்லை. "பக்கங்கள் தொலைந்துவிட்டன" என்று மட்டும் சொன்னாள்.

அவர் கடுமையாக எதுவும் பேசவில்லை. இப்போது கணினியிடம் கேட்டால் இதைவிட அழகான பதினைந்து தாள் வந்துவிடும், அதனால் தேர்வுக் குழு முதலில் வரைநோட்டைத்தான் திறக்கும் என்றார். எங்கே தடுமாறினாய், யாரைக் கவனித்தாய், எதை விட்டாய் என்று அதில் தெரிய வேண்டும். "இந்த நோட்டு மிகச் சுத்தமாக இருக்கிறது" என்றார். நேர்முகத்துக்கு இரண்டு வாரம் இருந்தது.

'சுத்தமாக இருக்கிறது' என்பதை ஒரு குற்றமாக நான் முதல் தடவை கேட்டது அன்றுதான்.

5

"அலாமாக்! ஏன் சுதா இப்படிச் செஞ்ச?" புஷ்பாக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி, அழுவாத. வேன்காரன் அங்கிள எனக்குத் தெரியும். காடிய எடுக்குறேன், வா."

அவர் காரில் பழைய பேப்பர் கொட்டுகிற இடத்துக்குப் போனோம். தகரக் கூரைக்குக் கீழே என் தலைக்கு மேல் உயரத்தில் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. வேன்கார அங்கிள் மலாயில் ஏதோ சொல்லிக் கையை விரித்தார்.

"செவ்வாக்கிழமை எடுத்ததெல்லாம் நேத்தே லாரி ஏறிடுச்சாம்" என்றார் புஷ்பாக்கா. அங்கிள் இன்னும் ஏதோ சொன்னார். "படம் போட்ட பேப்பர்தான வேணும், இங்க நெறைய இருக்கு, எடுத்துக்கோன்னு சொல்றான். பாவம் லா, நல்ல மனுசன்."

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. திரும்பி வரும்போது புஷ்பாக்கா கேட்டார். "அப்படி என்னதான் போட்டிருந்தா அதுல?"

"என்னை. நைட்டியில."

"அதுக்கா? இந்த ப்ளாக்கே உன்ன நைட்டியிலதான் பாத்திருக்கு!"

அன்று மாலை கணவர் என்னைத் திட்டவில்லை. "இப்ப என்ன செய்யலாம்னு யோசி" என்று சொல்லிவிட்டு, கோயம்புத்தூருக்கு விமானம் எந்த நாளில் இருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தார். நான் திட்டையே எதிர்பார்த்திருந்தேன்.

6

எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன். "பதினோரு பக்கத்தையும் திரும்ப வரைஞ்சிரு. பழைய தேதியப் போட்டுக்கலாம். நாங்கள்லாம் காலேஜ்ல விட்டுப்போன தேதிய அப்படித்தான் போடுவோம்."

ஹரிணி நிமிர்ந்து பார்த்தாள். "அது பொய். நான் என்ன பார்த்தேன்னு காட்டத்தான் அந்த புக். பார்க்காதத எப்படி வரையுறது?"

"சரி, பாத்து வரை. நாளைக்குப் பாசார் போறேன். பின்னாடி வா."

வந்தாள். நைட்டியும் துப்பட்டாவுமாகத்தான் போனேன், வேண்டுமென்றே. பத்தாவது மாடியில் இறங்கிப் படியேற ஆரம்பித்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. துப்பட்டாவை இழுத்துவிட்டேன். ஏழாவது படியில் நிற்க வேண்டும் என்று நினைவு வைத்து நின்றேன். எந்தக் காலை வைப்பேன் என்று யோசித்தபோது, கால் நகரவே இல்லை.

"போஸ் குடுக்காதீங்க" என்றாள் பின்னாலிருந்து.

"இல்லடா, சாதாரணமாத்தான்..."

"கல்யாண வீட்ல நடக்குற மாதிரி நடக்குறீங்க. விடுங்க."

என் கையிலிருந்த இரண்டு பையையும் வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறிப் போய்விட்டாள். நோட்டை அவள் திறக்கவே இல்லை. வெறும் கையோடு மிச்சப் படிகளை ஏறினேன். ஏறச் சிரமமாக இருந்தது.

அதற்குப் பிறகு நேர்முகம் வரை வீட்டில் சாப்பாடு, குளியல், பஸ் நேரம் இவற்றைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. நான் போட்ட அட்டையை அவள் கிழித்து எடுத்திருந்தாள். வெட்டுப்பட்ட ஓரங்களை அப்படியே விட்டிருந்தாள். ஒட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

7

நேர்முக அறைக்குக் கண்ணாடிச் சுவர். பெற்றோர் வெளியே நீள நாற்காலியில் உட்கார வேண்டும். பேச்சு கேட்காது, ஆள் தெரியும். மூன்று பேர்: மிஸ் ஓங், வயதான ஒருவர், தாடி வைத்த ஒரு இளைஞர். இரண்டு ஆண்கள், நான் பயந்த மாதிரியே.

வயதானவர் முதலில் நோட்டைத்தான் எடுத்தார். நடுப்பக்கத்துக்கு வந்ததும் வெட்டிய ஓரத்தில் விரலை ஓட்டினார். ஹரிணி ஏதோ சொன்னாள். மூவரும் கண்ணாடி வழியாக என் பக்கம் திரும்பினார்கள். எழுந்து நிற்பதா, வணக்கம் சொல்வதா என்று தெரியவில்லை. கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது ஹரிணி நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள். அறை நடுவில் நின்று இல்லாத நைட்டியை எடுத்து இடுப்பில் செருகினாள். துப்பட்டாவைத் தோளில் எறிந்தாள். இரண்டு கையிலும் கனம் ஏறியது, கழுத்து தாழ்ந்தது. சமதரையில் படியேற ஆரம்பித்தாள். ஏழாவது அடியில் நின்று இடப்பக்கப் பையை மெதுவாக இறக்கி, இடது காலை அண்டக் கொடுத்து, கை மாற்றி, வாயைத் திறந்து மூச்சு விட்டாள். புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அப்படித் துடைத்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது. பதினோரு பக்கமும் அங்கே நின்றன.

தாடிக்காரர் சிரித்தார். மிஸ் ஓங் எதையோ வேகமாக எழுதினார். ஹரிணி தான் தைத்த பையை எடுத்து அதே இடத்தில் வைத்து, அண்டக் கொடுத்த காலை எடுத்துக்கொண்டாள். பை நின்றது.

பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "பக்கம் எங்கன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"நடந்ததச் சொன்னேன்."

"சிரிச்சாரே ஒருத்தர். என்னை நெனச்சா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "பையைப் பார்த்து."

உண்மையா, எனக்காகச் சொன்னாளா, இன்றைக்கும் தெரியவில்லை.

8

கடிதம் வந்துவிட்டது. இடம் கிடைத்திருக்கிறது. பிறந்தநாளுக்கு மூன்று வாரம் முன்னால் மாணவர் பாஸுக்கு எழுதிப் போட்டோம். படம் நீலப் பின்னணியில் எடுத்ததை வெள்ளையில் கேட்டார்கள்; மறுபடி எடுத்தோம். கணவர் விமானப் பேச்சை விட்டார். கடிதம் வந்த நாள், எங்கள் வீட்டில் பாயசம் வைக்க வேண்டிய நாள்தான். ஆனால் நான் வைக்கவில்லை, அந்தப் பாத்திரத்தை எடுக்கவே கை வரவில்லை.

ஹரிணி மறுபடி 'நீ' என்கிறாள். எப்போதிலிருந்து என்று கவனிக்கத் தவறிவிட்டேன். வீட்டில் எல்லாம் பழையபடிதான் தெரிகிறது. கறுப்பு அட்டை போட்ட புது வரைநோட்டு ஒன்று வாங்கியிருக்கிறாள், அதை மட்டும் வீட்டில் காணோம். மேஜையிலும் இல்லை, அவள் பையிலும் இல்லை. பையைத் துழாவினேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

போன வாரம் பாசாரிலிருந்து ஏறி வரும்போது புஷ்பாக்காவின் கதவு திறந்திருந்தது. கிரில்லுக்கு உள்ளே, டிவிக்குக் கீழே, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கறுப்பு அட்டை தெரிந்தது. மகள் நோட்டை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று புரிந்தது. கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனாலும் கோபம் வந்தது.

புஷ்பாக்கா என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டார்.

"தொட மாட்டேன்க்கா" என்றேன். "ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லுங்க. அதுல நான் இருக்கேனா?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்க்கா?"

"சொன்னா நாளைக்கு நீ நிமிந்து நடப்ப லா."

பையில் எலுமிச்சை நிறைய இருந்தது. கீழே வைத்துக் கை மாற்றிக்கொண்டேன். பின்னால் படியில் செருப்புச் சத்தம் கேட்டது மாதிரி இருந்தது. வேறு வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.